கொலுவில் வைத்த மரத் தாரா

இந்த நாட்டில் ஜன்னல் விளிம்பு வெறுமையாக இருந்தால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தெருவின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஏதாவது ஒன்று வெளியே பார்த்தபடி நிற்கும். ஒரு வீட்டில் மண்ணால் செய்த கோழி, இன்னொன்றில் கண்ணாடி உருண்டை, மூலை வீட்டில் கழுத்தில் நாடா கட்டிய வெள்ளைத் தாரா. வாத்தை நாங்கள் தாரா என்றுதான் சொல்வோம். எங்கள் ஜன்னலில் மட்டும் ஒரு கறிவேப்பிலைச் சாடி. அது ஒவ்வொரு குளிர்காலமும் செத்துப்போகும். வெயில் தொடங்கியதும் என் மனைவி இன்னொன்று வாங்கி வைப்பாள். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் அந்த மரத் தாராவைக் கண்டபோது, ஜன்னலுக்கு ஒன்று அகப்பட்டது என்பதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

அந்தச் சந்தை ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் கூடும். உலோகப் பட்டறையில் நின்று நின்றே முழங்கால் இரண்டையும் தொலைத்து, நேரத்தோடு ஓய்வூதியத்துக்கு அனுப்பப்பட்டவன் நான். வேலை இல்லாத மனிதனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். ஆனாலும் ஞாயிறு காலை எனக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். பழைய இடுக்கி, முள் உடைந்த கடிகாரம், ஒருவருக்கும் தேவைப்படாத கதவுப் பிடி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவேன். "ஆக்கள் காசு குடுத்துக் குப்பையை அனுப்பிறாங்கள். இவர் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறார்" என்று மனைவி தொலைபேசியில் தன் தங்கைக்குச் சொல்வாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக.

தாரா ஒரு காகிதப் பெட்டிக்குள், தேநீர்க் கேத்தல்களுக்கும் பின்னல் ஊசிகளுக்கும் நடுவில் கிடந்தது. தூக்கியபோது அடி கனத்தது. கவிழ்த்துப் பார்த்தேன். வயிற்றில் ஈயத் தகடு ஒன்றை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். நெஞ்சுப் பக்கம் துருப்பிடித்த சின்ன வளையம். உடம்பில் மண்ணிறமும் சாம்பலும், தலையில் ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கக்கூடிய ஒரு கருமை. கழுத்தை உள்ளே இழுத்து, அலகை நெஞ்சோடு அணைத்து, வயிறு நிறையத் தின்றுவிட்டு இருக்கும் ஒரு உயிரைப்போல அது இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. விற்றவளுக்கு அதன்மேல் ஒரு அக்கறையும் இல்லை. காகிதத்தில் சுற்றிக்கூடத் தரவில்லை.

வீட்டில் கதவைத் திறந்ததும் வழக்கமான வரவேற்பு.

"இஞ்சேருங்கோ, உதை என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஜன்னலுக்கு" என்றேன்.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரத் துணியால் ஒருதரம் துடைத்தாள். பிறகு முகத்துக்கு நேரே பிடித்தாள். "முகத்தைப் பாருங்கோ. எவ்வளவு சாந்தமா இருக்கு" என்றாள். அந்த வருடம் நான் கொண்டுவந்த சாமான்களில் அவளுடைய வாயால் நல்ல வார்த்தை வாங்கியது அது ஒன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து வந்தது நவராத்திரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளில் கும்பம் வைப்பதோடு சரி. கொலுப்படி என்பது மியூனிக்கில் இருக்கும் இந்தியத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் படங்களைப் பார்த்து என் மனைவிக்கு வந்த ஆசை. பட்டறை நாட்களில் மிஞ்சிய பலகைகளை அடுக்கி நான் படி கட்டிக் கொடுத்தேன். அவளிடம் ஒரு சரஸ்வதி சிலை இருந்தது. நல்ல சிலைதான், ஆனால் தாமரையில் மட்டும் இருந்தது. அன்னம் இல்லாதது ஒவ்வொரு வருடமும் அவளுக்குக் குறையாகவே பட்டது. அந்த வருடம் குறை தீர்ந்தது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மேல்படியில் சரஸ்வதியின் பாதத்துக்குப் பக்கத்தில் என் தாரா இருக்கிறது.

"இஞ்சேரும், அது அன்னம் இல்லை. தாரா."

"ஜேர்மனியிலை அன்னம் இப்பிடித்தான் இருக்கும். நீங்கள் பேசாமல் இருங்கோ."

ஜேர்மனியில் உண்மையான அன்னங்கள் ஆற்றில் நீந்துவதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். பாண் துண்டுகூடப் போட்டிருக்கிறாள். ஆனால் மனம் ஒன்றைப் பிடித்துவிட்டால் கண் சாட்சி சொல்லி என்ன பயன். கொலுவில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதுபோல் தாராவின் நெற்றியிலும் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பழைய வர்ணத்தின் வெடிப்புகளுக்குள் அது ஊறிப் பிடித்துக்கொண்டது. ஆஹெனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த வார இறுதியில் வந்து, தன் புத்தகங்களை அதற்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு அடுத்த மாதம் பெரிய சோதனை. மனைவி மகளுக்காக வேண்டியபோது சரஸ்வதியை எவ்வளவு நேரம் பார்த்தாளோ, அன்னத்தையும் அவ்வளவு நேரம் பார்த்தாள்.

விஜயதசமி முடிந்து படியைக் கழற்றிய பிறகு தாரா ஜன்னலுக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் குளிர்கால வெயில் சரிந்து விழுந்தபோது, அதன் விலாவில் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகளைக் கண்டேன். பூச்சி அரித்தது என்று நினைத்து ஊசியால் கிண்டினேன். ஒரு ஈயக் குண்டு வந்து விழுந்தது. மிளகை விடச் சிறியது. இன்னொரு ஓட்டையிலும் ஒன்று. மரத் தாராவை யார், எதற்குச் சுட்டார்கள்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைபேசியில் தேடத் தொடங்கியவன், இருட்டும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இது அலங்காரச் சாமான் அல்ல. வேட்டைக்காரன் இதை ஏரியில் மிதக்க விட்டு, நாணலுக்குள் ஒளிந்திருப்பான். மேலே பறக்கும் தாராக்கள் கீழே ஒன்று நிம்மதியாக இருப்பதைக் கண்டு இறங்கும். இறங்கும்போது சுடுவான். குறி தப்பிய குண்டுகளில் சில மரத்தில் ஏறும். வயிற்றில் இருக்கும் ஈயம் அது கவிழாமல் இருக்க. நெஞ்சில் உள்ள வளையம் கயிறு கட்டி நிறுத்த. ஜேர்மன்காரர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'கூப்பிடும் தாரா' என்பதுபோல வரும். எங்கள் வன்னியிலும் பழக்கிய கவுதாரியைக் கூட்டில் வைத்துக் காட்டுக் கவுதாரியைப் பிடிப்பவர்கள் இருந்தார்கள். அப்படிப் பழக்கிய மிருகத்தைப் பழைய தமிழில் 'பார்வை' என்பார்களாம். அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப்போல, இரவுச் சாப்பாட்டில் நான் உற்சாகமாக எல்லாவற்றையும் மனைவிக்கு விளக்கினேன். ஈயக் குண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தும் காட்டினேன். அவள் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இதைக் காட்டித்தானே அதுகளைக் கொன்றவங்கள்?"

"ஓம். ஆனால் அது எப்பவோ பழைய காலத்திலை."

"நான் சரஸ்வதியின்ரை காலடியிலை வைச்சனான். பொட்டு வைச்சனான். பிள்ளையின்ரை புத்தகத்துக்கு முன்னாலை வைச்சனான்." அவள் குரல் உடைந்தது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சுது."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். அன்றிரவே தாராவைத் துணியில் சுற்றி நிலவறைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நான் கொண்டுபோனேன். ஆனால் நாளுக்கு ஒருதரம் எதையாவது சாட்டாக வைத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது என்று சொன்னால் மிகையில்லை. நூலகத்தில் படம் போட்ட புத்தகங்களை எடுத்துவந்தேன். மற்றச் சந்தைகளுக்கும் போய் மரத் தாராக்களைத் தேடினேன். பெரும்பாலானவை கடைக்காகச் செய்து, வேண்டுமென்றே பழசாக்கப்பட்டவை. கொஞ்சம் பழகினால் பிடிபட்டுவிடும். பொய்யாகப் பழசாக்கிய தாரா எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும். உண்மையாகத் தண்ணீருக்குப் போய்வந்தது, கை பிடிக்கும் கழுத்திலும், படகின் அடியில் உரசிய வயிற்றிலும், மற்றத் தாராக்களோடு சாக்குக்குள் இடிபட்ட அலகிலும்தான் தேயும். மேலே புது வர்ணம் பூசியிருந்தால் மதிப்புப் போய்விட்டது. வர்ணம் எவ்வளவு உரிந்திருந்தாலும் முதல் கை பூசியதாக இருக்க வேண்டும். குண்டு பட்டிருந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலருக்கு அதுதான் வேண்டும். நிலவறை விளக்கின் கீழ் என் தாராவை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்துத் தேய்ந்திருந்தது. வயிறு தேய்ந்திருந்தது. வர்ணம் முதல் வர்ணம்.

ஏன் இவ்வளவு ஆசை என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வேறு யாரோ தெரிந்தெடுத்தது. அகதி முகாமில் கட்டிலை அவர்கள் காட்டினார்கள். பட்டறையில் இயந்திரத்தை அவர்கள் காட்டினார்கள். வீட்டை ஒரு அலுவலகம் ஒதுக்கித் தந்தது. முழங்கால்கூட எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று வேறொருவர்தான் எழுதிக் கொடுத்தார். எனக்கு அதில் கோபம் உண்டு, அதை நான் மறைப்பதில்லை. இந்தத் தாரா ஒன்றுதான், குப்பைக்குள் கிடந்தபோது என் கண் தானாகக் கண்டு, இது நல்லது என்று எடுத்தது. பிறகு தேடிப் பார்த்தால் உண்மையாகவே நல்லது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

தை மாதம் மகளின் சோதனை முடிவு வந்தது. தேறவில்லை.

வீடு செத்தவீடு மாதிரி ஆயிற்று. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மனைவி மகளைத் திட்டவில்லை, அழவும் இல்லை. நேரே நிலவறைச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்த தொலைபேசியில் மகள் மறுபக்கத்திலிருந்து கத்தினாள்.

"அம்மா, தாரா என்ன செய்தது? நான்தான் ஒழுங்காப் படிக்கேல்லை. தாராவுக்கு அனட்டமி தெரியுமோ?"

"நீ பேசாதை. பங்குனியிலை நீ திருப்பி எழுதமுன்னம் அது வீட்டை விட்டுப் போக வேணும்."

எனக்கு அந்தப் பேச்சில் துளி நம்பிக்கையும் இல்லை. ஆனால் மகள் விஷயத்தில் மனைவியின் பயத்துக்கு முன்னால் நின்று வாதாடும் துணிவும் இல்லை. தாரா இருந்து, மகள் மறுபடி தேறாமல் போனால், வாழ்நாள் முழுக்க அந்த மரத்துண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும். தாரா போய், மகள் தேறினால், அது தாரா போனதால் என்றாகிவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்குத் தோல்விதான். ஒரு சலுகை மட்டும் கேட்டேன். போவதற்கு முன் அது என்ன என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

பக்கத்து நகரத்து ஏலக்கூடம் ஒன்றில் மாதத்தில் ஒரு நாள் பழைய பொருட்களை இலவசமாக மதிப்பிட்டுச் சொல்வார்கள். வரிசையில் எனக்கு முன்னால் கடிகாரத்தோடு ஒருவர், பின்னால் பீங்கான் தட்டுகளோடு ஒரு பெண். என்னைக் கூப்பிட்டபோது துணியை அவிழ்த்துத் தாராவை மேசையில் வைத்தேன். மதிப்பிடும் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் அதை முகர்ந்தார். பிறகு கவிழ்த்து, ஈயத்தையும் ஆணிகளையும் பார்த்தார். மகள் பிறந்த நாளில் மருத்துவமனை வாசலில் நின்றதற்குப் பிறகு ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக நான் அப்படிக் காத்து நின்றதில்லை.

"இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். சிரித்தார். வடக்கே ஏரிக்கரைப் பக்கத்து வேலையாக இருக்கலாம், செய்தவர் யாரென்று சொல்ல முடியாது, வர்ணம் தொடப்படாதது என்றார். "இதைச் செய்தவனுக்கு வாத்துகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. கழுத்தைப் பாருங்கள். பயந்த வாத்து கழுத்தை நீட்டி வைத்திருக்கும். அப்படி ஒன்றைத் தண்ணீரில் விட்டால் மேலே போவது எதுவும் இறங்காது. இது நிம்மதியாக இருக்கிறது. இந்த நிம்மதியைச் செதுக்குவதுதான் கஷ்டம். இதன் மதிப்பே அதில்தான்."

என் மனைவி முதல் நாள் பிடித்துப் பார்த்துச் சொன்ன அதே சாந்தம். அவளுடைய கண்ணும் பிழை செய்யவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வேட்டைக்காரன் எதைச் செய்ய நினைத்தானோ அதைத்தான் அவள் கண்டிருக்கிறாள். மேலே பறந்த தாராக்களும் அதைத்தான் கண்டிருக்கும்.

"நெற்றியில் இந்தச் சிவப்பு என்ன?"

எங்கள் வழிபாட்டில் வைத்தோம், அது ஒரு மங்கல அடையாளம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் 'பிற்காலச் சேர்க்கை' என்று பதியச் சொன்னார். சுரண்ட வேண்டாம், சுரண்டினால் அடி வர்ணமும் போய்விடும் என்று எச்சரித்தார். பிற்காலச் சேர்க்கை என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் நானும் அதுதானே. குங்குமத்தால் விலை கொஞ்சம் குறையும் என்றார். குறைந்த பிறகும் அவர் சொன்ன தொகை எங்கள் பழைய காரை விற்றால் கிடைப்பதற்குக் கிட்ட வந்தது. அடுத்த ஏலத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்டேன். "பூசையிலை வைச்சதை விக்கிறதோ?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வைத்திருக்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது, குப்பையில் போடவும் ஏலாது. கோயில் ஐயரைத் தொலைபேசியில் கேட்டாள். பூசை கண்ட பொருளை ஓடும் தண்ணியில் விடுவதுதான் முறை, மரமென்றால் கல்லைக் கட்டி விடுங்கோ என்று அவர் சொல்லியிருக்கிறார். கல் கட்டுவதற்கு மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. "தாட்டு விடுறது கொலை மாதிரி. அது தன்ரை பாட்டிலை போகட்டும்" என்றாள்.

பங்குனியில், மகளின் சோதனைக்கு முந்தைய சனிக்கிழமை காலை, ரூர் ஆற்றங்கரைக்குக் காரில் போனோம். இந்த நாட்டில் ஆற்றில் ஒரு பூவைப் போட்டாலும் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். அதனால் நடை போகிறவர்கள் குறைந்த ஒரு வளைவாகத் தேடினோம். பின்னிருக்கையில் இருந்த தாராவை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கயிற்றை வளையத்தில் கட்டி, மனைவி திரும்பிய பிறகு இழுத்தெடுக்கலாம் என்றொரு நினைப்பும் வந்தது. பிறகு எனக்கே அருவருப்பாகப் போயிற்று.

கரையில் சரளைக்கல். தண்ணீர் ஆழமில்லாமல் தெளிவாக ஓடியது. மனைவி செவ்வந்திப் பூவும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள். காற்றில் கற்பூரம் பற்றவில்லை. பூவை மட்டும் தாராவின் முதுகில் வைத்து, கண்ணை மூடி ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவு மாதமாக அதைப் படித்தவன், எடை பார்த்தவன், கனவில்கூடக் கண்டவன், அதுவரை ஒருநாளும் அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்ததில்லை. ஜன்னலில் அது எப்போதும் கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். தண்ணீரைத் தொட்டதும் நிமிர்ந்தது. ஒருதரம் ஆடி, நெஞ்சை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிக்கொண்டு, மெல்ல மிதந்து போய், நாணல் ஓரத்துச் சுழலில் நின்றுகொண்டது. அது மரம் என்று தெரிந்த எனக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. அழகு என்று சொல்வதா, என்ன சொல்வது? செய்தவனின் கை எதற்காக அவ்வளவு பாடுபட்டதோ, அது முழுக்க அங்கே இருந்தது. அதை நான் இழக்கப்போகிறேன் என்பதும் அங்கேதான் முழுதாகத் தெரிந்தது.

அப்போது மறுகரையிலிருந்து ஒரு ஆண் தாரா வந்தது. கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்து தன் செட்டையைக் கோதத் தொடங்கியது. தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த ஒரு சோடியும் காலை முன்னே நீட்டித் தண்ணீரைக் கீறிக்கொண்டு இறங்கியது. எங்களைக் கண்டும் அவை விலகவில்லை. நடுவில் ஒன்று அவ்வளவு நிம்மதியாக இருக்கும்போது எதற்கு விலக வேண்டும்? ஒன்று கழுத்தை உள்ளே இழுத்து, மரத் தாராவைப் போலவே இருந்துகொண்டது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது.

"எடுங்கோ" என்றாள்.

"என்னது?"

"எடுங்கோ அதை. அதுகள் நம்புதுகள். இஞ்சை விட்டுட்டுப் போனால் அது ஒவ்வொரு நாளும் ஆரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கெதியா எடுங்கோ."

நான் சப்பாத்தைக் கழற்ற நேரம் எடுக்கவில்லை. அப்படியே இறங்கினேன். பங்குனித் தண்ணீர் முழங்கால் எலும்புக்குள் போய்க் குத்தியது. தாராக்கள் அலறிக்கொண்டு எழும்பிப் பறந்தன. என் தாரா மட்டும் அசையாமல் இருந்தது. பூ எங்கேயோ போய்விட்டது. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கிக் கரைக்கு வந்தேன். மகிழ்ச்சியில் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அப்ப வீட்டை கொண்டுபோறதோ?"

"வேறை என்ன செய்யிறது? எங்களோடையே இருக்கட்டும். நாங்கள் அறிஞ்ச ஆக்கள், ஏமாற மாட்டம்."

"பிள்ளையின்ரை சோதினை?"

"அவள் இருந்து படிச்சால் தேறுவாள்." (தேறினாள். அதைத் தாராவின் கணக்கில் யாரும் எழுதவில்லை.)

ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்துத் தண்ணீரை ஊற்றினேன். அவள் தாராவை என் கையிலிருந்து வாங்கி, தன் குளிர்ச்சட்டையின் கைப்பகுதியால் துடைத்தாள். குங்குமம் போகவில்லை. தாராக்கள் பறந்துபோன திசையைப் பார்த்தபடி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நானும் உங்கடை படத்தைப் பாத்துத்தானே வந்தனான்."

எனக்கு அந்தப் படம் உடனே கண்ணில் வந்தது. கல்யாணப் பேச்சுக்கு ஊருக்கு அனுப்பியது. யாரோ ஒருவரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில், ஒரு குறையும் இல்லாதவன்போல நான் நின்றிருந்தேன். அந்த நாட்களில் முகாம் அறையில் எனக்கென்று ஒரு கட்டிலும் அதன் கீழே ஒரு பெட்டியும்தான் இருந்தன. நாளைக்கு இந்த நாட்டில் விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாது. படத்தில் அது ஒன்றும் தெரியவில்லை. நல்ல சாந்தமான முகம் என்று அவள் வீட்டில் சொன்னார்களாம்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"வந்தது பிழையாப் போச்சுதோ?"

அவள் கழுத்தில் இருந்த சால்வையை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

"முதல்லை காலைத் துடையுங்கோ. குளிருக்குத் தடிமன் வரும்."